முதல் ஹாலோவீன்: பிள்ளைகள் கொண்டுவரும் மிட்டாயை என்ன செய்வது, வாசலில் என்ன கொடுப்பது?

கேள்வி இதுதான். நியூ ஜெர்சியின் எடிசனுக்குக் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஆறு வயதில் மகள், மூன்று வயதில் மகன். பள்ளியில் எல்லாரும் அக்டோபர் 31-ல் வரும் ஹாலோவீன் பேச்சாகவே இருக்க, தானும் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கணும் என்று மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஊரிலிருந்து மாமியார், "பேய்ப் பண்டிகையெல்லாம் நமக்கு எதுக்கு?" என்கிறார். பை நிறைய வரப்போகும் மிட்டாயை என்ன செய்வது? நம் வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சாக்லேட்டுக்குப் பதிலாக வீட்டில் செய்த கடலைமிட்டாயோ எள்ளுருண்டையோ கொடுத்தால் நல்லதுதானே?

குழந்தைகளுக்கான உணவு ஆலோசனைதான் என் தொழில். இந்த ஊரிலேயே இரண்டு பிள்ளைகளை வளர்த்தும் ஆயிற்று. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கடலைமிட்டாயும் வேண்டாம், எள்ளுருண்டையும் வேண்டாம். சத்து என்று பார்த்தால் இரண்டும் சாக்லேட்டை விட எவ்வளவோ மேல்தான். ஆனால் அமெரிக்காவில் ஏறத்தாழ 13 குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதாவதொரு உணவு ஒவ்வாமை இருக்கிறது. நிலக்கடலை அதில் முன்வரிசை. எள்ளும் 2023 ஜனவரியிலிருந்து இங்கே சட்டப்படி பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருள் ஆகிவிட்டது. யார் வீட்டுப் பிள்ளைக்கு எது ஆகாது என்பது இருட்டில் முகமூடி போட்டு நிற்கும்போது உங்களுக்குத் தெரியாது. அது போக, முன்பின் தெரியாத வீட்டில் செய்த பண்டத்தை இங்கே எந்தப் பெற்றோரும் பிள்ளைக்குத் தின்னக் கொடுக்க மாட்டார்கள். நீங்கள் பாகு பதம் பார்த்து உருட்டியது அப்படியே குப்பைக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் நன்றாகப் பழகியவர் என்றால் தீபாவளிக்குத் தட்டில் வைத்துக் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். ஹாலோவீன் வாசலில் மட்டும் கடையில் பொட்டலமாக வந்ததுதான் செல்லும்.

இந்தப் பயம் ஆரம்பத்திலிருந்தே இருந்ததல்ல. 1930களிலும் 40களிலும் வீடு வீடாகப் போன அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஆப்பிள், கொட்டை வகைகள், வீட்டில் சுட்ட பிஸ்கட், சோளப்பொரி உருண்டை, சில்லறைக் காசு என்று எது வேண்டுமானாலும் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தபோது இந்த வழக்கமே ஓய்ந்து கிடந்தது. போர் முடிந்து புறநகர்கள் பெருகியதும் மிட்டாய்க் கம்பெனிகள் அந்த நாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. 1974-ல் டெக்சாஸில் ஒரு தகப்பன் காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் மகனுக்கே ஹாலோவீன் மிட்டாயில் சயனைடு கலந்து கொடுத்துக் கொன்றான். 1982-ல் சிகாகோ பக்கம் வலிமாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். இவை இரண்டுக்கும் பிறகு வீட்டுப் பண்டம் அடியோடு நின்று, பொட்டல மிட்டாயின் ராஜ்யம் வந்துவிட்டது. ஆனால் டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் வந்த செய்திகளை வரிசையாக எடுத்து ஆராய்ந்தவர், முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் கொடுத்த மிட்டாயால் ஒரு பிள்ளை இறந்ததாக உறுதியான நிகழ்வு ஒன்றுகூடத் தமக்குக் கிடைக்கவில்லை என்கிறார். விஷம் கலந்திருக்குமோ என்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பொட்டலம் பிரிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

மாமியாருக்கு என்ன சொல்வது? இது பழைய அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாள். இறந்தவர்கள் வீடு திரும்பும் இரவு என்று நம்பினார்கள். பின்னால் கிறிஸ்தவம் நவம்பர் 1-ஐப் புனிதர்கள் அனைவருக்கும், 2-ஐ இறந்த ஆன்மாக்களுக்கும் ஆக்கியது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் மெழுகுவத்தியும் பூவுமாகக் கல்லறைக்குப் போகும் கல்லறைத் திருநாள் அந்த நவம்பர் 2-தான். முன்னோரை நினைக்கிற நாளின் முந்தைய கூத்து என்று சொல்லுங்கள், ஓரளவு சமாதானம் ஆவார். பூசணிக்காயில் ராட்சச முகம் வரைந்து புது வீட்டு வாசலில் கட்டுகிற நாம், பூசணிக்காயில் முகம் வெட்டி வைக்கிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்க ரொம்ப நியாயமும் இல்லை.

என் கருத்து என்ன என்றால், மிட்டாய் இந்தப் பண்டிகைக்குக் கடைசியாக வந்த விருந்தாளி. அதைத் துரத்துவதில் சக்தியை வீணாக்காதீர்கள். அதற்கு முன்பே இருந்த விளையாட்டையும் சாப்பாட்டையும் வீட்டுக்குள் கொண்டுவந்து அந்தச் சாயங்காலத்தை நிரப்பினால், மிட்டாய் தானாகவே ஓர் ஓரத்துக்குப் போய்விடும். "சாப்பிடாதே, சாப்பிடாதே" என்று காவல் காக்கிற வீட்டில்தான் மெத்தைக்கு அடியில் மிட்டாய்த்தாள் கிடைக்கும்.

அயர்லாந்தில் அன்றைக்கு உலர்பழம் போட்ட பார்ம்பிராக் என்கிற ரொட்டி சுடுவார்கள். உள்ளே மோதிரம், காசு, துணித்துண்டு எல்லாம் வைத்திருக்கும். மோதிரம் கிடைத்தவருக்கு வருஷத்துக்குள் கல்யாணம், காசு கிடைத்தவருக்குப் பணம், துணி கிடைத்தவருக்குக் கஷ்டகாலம். இன்றும் அங்கே கடையில் வாங்கும் ரொட்டியில் மோதிரம் வைத்து வருகிறது. மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் ரொட்டிக்குள் எதையும் ஒளிக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். எங்கள் வீட்டில் தட்டுக்கு அடியில் மடித்த சீட்டு வைப்போம். "நாளைக்குப் பாத்திரம் கழுவுவது நீ", "அப்பா முதுகில் உப்புமூட்டை", "தூங்கும்முன் இரண்டு கதை" என்கிற மாதிரி. பாத்திரம் கழுவும் சீட்டு பெரியவர்களுக்கு வரும்போதுதான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

ஆப்பிளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிப்பது இன்னொன்று. தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு வாயால் கவ்வுவதும் உண்டு. ஆனால் எல்லார் எச்சிலும் ஒரே தொட்டியில், சின்னக் குழந்தைக்கு மூச்சுமுட்டும் ஆபத்து வேறு. கயிறே போதும். பொங்கல் விளையாட்டில் பன் கடிக்கிற போட்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்காட்லாந்து வழக்கம். அங்கே வேஷம் போட்ட பிள்ளை வாசலில் வந்து சும்மா கை நீட்டாது. ஒரு பாட்டு, ஒரு கவிதை, இல்லை ஒரு ஜோக் சொல்லித்தான் கொட்டையோ ஆப்பிளோ வாங்கிக்கொள்ளும். அமெரிக்காவிலும் மிசௌரியின் செயின்ட் லூயிஸில் ஜோக் சொன்னால்தான் மிட்டாய். அயோவாவின் டெ மாய்னில் 1938-ல் இளைஞர்களின் அட்டகாசத்தை அடக்க ஊரே இப்படி ஒரு ஏற்பாடு செய்தது. உங்கள் மகளுக்கு இரண்டு ஆங்கில ஜோக்கும் ஒரு தமிழ் விடுகதையும் சொல்லிக்கொடுங்கள். உள்ளே தாத்தா பாட்டி இருக்கிற தமிழ் வீட்டு வாசலில் ஒரு விடுகதை எப்படி எடுபடும் என்று பாருங்கள். பத்து நிமிஷம் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் போகிற வீடுகளின் எண்ணிக்கை பாதியாகும், பையின் எடையும் பாதியாகும், யாரும் யாரையும் தடுக்கவில்லை.

அடுத்தது பூசணிக்காய். முதலில் அயர்லாந்துக்காரர்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். 1840களின் பஞ்சத்தில் கப்பலேறி வந்தவர்களுக்கு அமெரிக்கப் பூசணி பெரிதாகவும் குடைய எளிதாகவும் கிடைத்ததால் மாறிக்கொண்டார்கள். கடை வாசலில் குவிந்து கிடக்கும் பெரிய ஆரஞ்சுப் பூசணி வெட்டி வைப்பதற்காகவே வளர்த்த ரகம். சதை நாரும் தண்ணீருமாக இருக்கும், கூட்டுக்கு ஆகாது. சமைக்க ‘சுகர் பம்ப்கின்' என்று எழுதிய சின்னக் காயோ, பட்டர்நட் ஸ்குவாஷோ வாங்குங்கள், நம் பரங்கிக்காய்ப் புளிக்குழம்புக்கு அது அச்சாகப் பொருந்தும்.

வெட்டும்போது காம்புப் பக்கம் மூடி எடுக்காமல் அடியில் வட்டமாக அறுத்தால் காய் சீக்கிரம் உள்ளே அமுங்காது, விளக்கின் மேல் கவிழ்த்தும் வைக்கலாம். கத்தி உங்கள் கையில். உள்ளே கைவிட்டு அந்த வழவழப்பான நாரையும் விதையையும் வாரி எடுப்பது பிள்ளைகள் வேலை. மூன்று வயதுக்காரன் முதலில் "ஈய்ய்" என்பான், பிறகு கையை வெளியே எடுக்க மாட்டான். விதையை நாரிலிருந்து பிரித்து, உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு வடித்து, துணியில் நன்றாக ஈரம் ஒற்றி, கொஞ்சம் எண்ணெய், மிளகாய்த்தூள், சீரகத்தூள் பிசிறி 350 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் 15 முதல் 20 நிமிஷம் வையுங்கள். நடுவில் ஒரு தடவை கிளறிவிடவேண்டும். ஈரத்தோடு வைத்தால் நமுத்துப்போய்த் தோல் வாயில் ரப்பராகும். சின்னவனுக்கு இந்த விதை வேண்டாம், பெரியவளுக்குத்தான். முகம் வெட்டும் காயை அக்டோபர் 31-க்கு இரண்டு நாள் முன்னால் வெட்டினால் போதும். முன்கூட்டியே வைத்தால் அணில் ஒரு கன்னத்தைத் தின்றுவிடும். உள்ளே மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வையுங்கள். நீள அங்கி போட்ட பிள்ளைகள் படியில் ஏறி இறங்குவார்கள்.

கிளம்புமுன் வயிறாரச் சாப்பிட வைப்பதுதான் இந்த இரவின் முக்கியமான ஆரோக்கிய ஏற்பாடு. பசியோடு போகிற பிள்ளை நடந்துகொண்டே பையில் கைவிடும். அன்றைய சாப்பாட்டுக்கு வேஷம் போட்டுவிடுங்கள். நீளவாட்டில் உருட்டிய காய்கறிக் கட்லெட்டின் மேல் இடியாப்பச் சிக்கலைச் சுற்றினால் எகிப்து மம்மி. இடுக்கில் கறுப்பு ஆலிவ் துண்டு இரண்டு வைத்தால் கண். பீட்ரூட் சட்னிக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மினி இட்லி பேய்த்தலை ஆகும், தோசைக்கல்லில் வவ்வால் ஊற்றலாம். வெளவால் ஒவ்வொரு தடவையும் ஆமை மாதிரிதான் வருகிறது, பிள்ளைகள் கண்டுகொள்வதில்லை. பள்ளி விருந்துக்குக் கேட்டால் உரித்த சின்ன ஆரஞ்சின் உச்சியில் செலரித்தண்டு செருகினால் குட்டிப் பூசணி, பாதி வாழைப்பழத்தை நிறுத்தி இரண்டு சாக்லேட் துளி பதித்தால் பேய். ஆனால் பல பள்ளிகளில் வீட்டுப் பண்டம் அனுமதிப்பதில்லை, ஆசிரியரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். திராட்சை வைப்பதானால் மூன்று வயதுப் பிள்ளைக்கு நீளவாட்டில் நான்காகக் கீறித்தான்.

இனி மிட்டாய்ப் பை. அமெரிக்க இதய சங்கம் 2 முதல் 18 வயது வரை சேர்க்கப்பட்ட சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும் என்கிறது. ‘ஃபன் சைஸ்' என்று வரும் சின்ன சாக்லேட் பார் ஒன்றில் 8 முதல் 10 கிராம் இருக்கும். மூன்று தின்றால் கணக்கு முடிந்தது. அன்றைக்கு மூன்றோடு நிற்காது, நிற்கவும் வேண்டாம். ஓர் இரவு கணக்கு மீறினால் ஒன்றும் ஆகாது. அதைத் தொடர்ந்து டிசம்பர் வரை நாள்பூராவும் ஒன்றொன்றாக மெல்லுவதுதான் பிரச்சினை.

பல் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. 1940களில் ஸ்வீடனின் விபெஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் இருந்தவர்களுக்கு ஒட்டும் டாஃபியை வேண்டுமென்றே கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். இன்றைக்கு நினைத்தாலே கூசும் காரியம் அது. ஆனால் தெரியவந்தது இது: சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போகும் சர்க்கரையை விட, இடையிடையே தின்று பல்லில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரைதான் பல்லைச் சொத்தையாக்குகிறது. அதற்குப் பிறகுதான் ஸ்வீடனில் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற பழக்கம் வேரூன்றியது. எனவே எத்தனை என்பதை விட எத்தனை தடவை என்று பாருங்கள். சாப்பிட்ட கையோடு இரண்டு மிட்டாய் தின்று வாய் கொப்பளித்தால் எச்சில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கேரமல், கம்மி (gummy) என்கிற மெல்லும் ஜெல்லி மிட்டாய், மணிக்கணக்கில் சப்பும் லாலிபாப், நாக்கைச் சுண்டும் புளிப்பு மிட்டாய் இவைதான் மோசம். சாதா சாக்லேட் கரைந்து போய்விடும், தேவலை. புளிப்பு மிட்டாய் தின்றவுடன் பல் தேய்க்க வைக்காதீர்கள், அமிலத்தில் மேல்பூச்சு இளகியிருக்கும். அரைமணி கழித்துத் தேய்க்கட்டும்.

வீட்டில் நடைமுறையாகச் செய்யக்கூடியது, உணவு ஆலோசகர் எலின் சாட்டர் சொன்ன வழி. முதல் இரவு பையைக் கொட்டிப் பரப்பி, பிரித்து, பிடித்ததை வேண்டுமளவு தின்னட்டும். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாளிலிருந்து சாப்பாட்டோடு ஒன்றிரண்டு, சாயங்காலச் சிற்றுண்டியோடு வேண்டுமளவு என்று விதி. விதிப்படி நடக்கிறவரை பை பிள்ளையின் பொறுப்பில், நடக்காவிட்டால் உங்கள் பொறுப்பில். முதல் இரவு கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் தட்டில் குவித்து வைத்தால் பாதிப் பிள்ளைகள் அதைத் தின்பதை விட வகை பிரித்து அடுக்குவதிலும் அண்ணன் தம்பியோடு பண்டமாற்று பேசுவதிலும்தான் நேரம் கழிக்கிறார்கள். மூன்று வயதுக்காரனின் பையிலிருந்து கெட்டி மிட்டாய், சூயிங்கம், கொட்டை போட்டது எல்லாவற்றையும் முதலிலேயே அக்காவின் மென்மிட்டாய்க்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, "சர்க்கரை தின்றதால்தான் இப்படிக் குதிக்கிறான்" என்பீர்கள், எல்லாரும் சொல்வோம். 1995-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில் சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தை மாறுவதாகத் தெரியவில்லை. அதற்கு முந்தைய வருஷம் வந்த ஓர் ஆய்வில், மகனுக்குச் சர்க்கரை கொடுத்ததாக அம்மாக்களிடம் பொய் சொன்னார்கள். கொடுத்ததோ சர்க்கரையே இல்லாதது. அந்த அம்மாக்கள்தான் பிள்ளை அதிகம் துள்ளுவதாகச் சொன்னார்கள். ராத்திரி எட்டு மணிக்கு டிராகன் வேஷத்தில் தெருவில் ஓடுகிற பிள்ளை எதைத் தின்றாலும் குதிக்கத்தான் செய்யும். அதேபோல் நாட்டுச்சர்க்கரை போட்டால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள், பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சைவக் குடும்பம் என்றால் பையில் இன்னொரு சோதனை உண்டு. கம்மி பேர், மார்ஷ்மெல்லோ, கேண்டி கார்ன், அமெரிக்க ஸ்டார்பர்ஸ்ட் இவற்றில் கெலட்டின் இருக்கும், அது மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஸ்கிட்டில்ஸ், ட்விஸ்லர்ஸ், இங்கே ஸ்மார்ட்டீஸ் என்றும் கனடாவில் ராக்கெட்ஸ் என்றும் விற்கும் வில்லை மிட்டாய் இவற்றில் இல்லை. சின்னப் பொட்டலத்தில் பொருட்பட்டியல் இல்லாமலும் வரும், பெரிய பார்களில் இருப்பதும் சின்னதில் இருப்பதும் சில சமயம் வேறுபடும். ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் பட்டியல் இல்லாததைக் கொடுக்கவே வேண்டாம்.

சரி, நீங்கள் வாசலில் என்ன வைப்பது? இரண்டு கிண்ணம் வையுங்கள். ஒன்றில் கொட்டை இல்லாத பொட்டல மிட்டாய், இன்னொன்றில் தின்பண்டமே அல்லாதவை: இருட்டில் ஒளிரும் வளையல், ஸ்டிக்கர், ஒட்டும் டாட்டூ, சோப்புக்குமிழிப் புட்டி, சிலந்தி மோதிரம். கனெக்டிகட்டில் செய்து 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 3 முதல் 14 வயது வரையான 284 பிள்ளைகளுக்கு மிட்டாயா பொம்மையா என்று கேட்டபோது ஏறத்தாழ பாதிப்பேர் பொம்மையையே எடுத்தார்கள். ஒளிரும் வளையலை எடுத்த பிள்ளை அதை அங்கேயே மாட்டிக்கொண்டுதான் படியிறங்கும். காரோட்டிக்கும் கண்ணில் படும். வாசலில் மயில்நீலம் பூசிய பூசணிக்காய் வைத்தால் "இங்கே ஒவ்வாமைப் பிள்ளைகளுக்கும் ஏதாவது உண்டு" என்று பொருள். டென்னசியில் தொடங்கி 2014-ல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் அது. தின்பண்டமாகவே வேண்டும், கொஞ்சம் நல்லதாகவும் இருக்கவேண்டும் என்றால் சின்னப் பொட்டல பிரெட்செல், பாப்கார்ன் தேவலை. குட்டிப் பெட்டி உலர்திராட்சை கொடுக்காதீர்கள். பிள்ளைகள் முகம் விழும், பல்லிலும் ஒட்டும். பல் துலக்கும் பிரஷ் கொடுக்கிற வீடு எல்லாத் தெருவிலும் ஒன்று உண்டு. அந்த வீட்டின் பெயரைக் கெடுத்துக்கொள்வது அவர்கள் இஷ்டம்.

வெளியே போகையில் முகமூடியை விட முகச்சாயம் நல்லது, பக்கவாட்டில் பார்வை மறையாது. நாற்பது வருஷப் புள்ளிவிவரத்தை வைத்து 2019-ல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் ஹாலோவீன் சாயங்காலம் நடந்து போகிறவர் விபத்தில் இறக்கும் வாய்ப்பு மற்ற நாள் சாயங்காலங்களை விட 43 சதவீதம் அதிகம் என்றது. விஷமிட்டாய்க்குப் பயப்படுவதை விட இதற்குப் பயப்படலாம். வேஷத்தின் முதுகில் ஒளியைப் பிரதிபலிக்கும் டேப் ஒட்டுங்கள், கையில் டார்ச் கொடுங்கள், தெருவைக் குறுக்கே குறுக்கே கடக்காமல் ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வாருங்கள். முகப்பு விளக்கு அணைந்த வீட்டில் மணி அடிக்கக்கூடாது என்பது மட்டும்தான் எழுதப்படாத சட்டம். வேஷத்துக்கு ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், உள்ளே ஸ்வெட்டர் போடவேண்டிவரும்.

தீபாவளியும் இதை ஒட்டியே வரும். 2024-ல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 31-ல் விழுந்தது. அப்படி நெருங்கி வரும் வருஷம் லட்டையும் அதிரசத்தையும் அதே சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். அன்றைக்கு சாக்லேட்டா, அதிரசமா என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். மிஞ்சிய சாக்லேட்டைப் பொடித்து ஃப்ரீசரில் வைத்தால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு பிரௌனி செய்யலாம். எடிசன் பக்கத்திலும் சில பல் மருத்துவர்கள் நவம்பர் முதல் வாரத்தில் மிட்டாயை எடைக்கு வாங்கிக்கொண்டு வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினருக்கு அனுப்புவார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். நவம்பர் 1 காலையில் கடைகளில் கேண்டி எல்லாம் பாதி விலைக்கு வரும். அந்த வரிசைப் பக்கம் தள்ளுவண்டியைத் திருப்பாதீர்கள்.